சிவனொளிபாதமலையை விஆருக்குள் கொண்டுவருவது: உயரத் தரவு பற்றி ஆரம்பத்திலிருந்து

மஸ்கெலியாவில் வளர்ந்த ஒரு பிள்ளைக்குச் சரிவு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போய்வருவதே சரிவில்தான். ஆனால் அதே பிள்ளையின் கையில் ஓஎல் புவியியல் பாடத்துக்கான 1:50,000 இடவிளக்கப்படத்தைக் கொடுத்து, இந்தச் சமவுயரக்கோடுகளைப் பார்த்து மலை எப்படி இருக்கும் என்று சொல் என்றால் திணறிப்போகும். கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு குறைவு என்று மனப்பாடம் செய்து புள்ளி வாங்கிவிடுவார்கள், தினமும் ஏறி இறங்கும் மலைதான் அந்தக் கோடுகளுக்குள் இருக்கிறது என்பது மட்டும் மனதில் ஒட்டாது. அதையே முப்பரிமாண மாதிரியாக்கி விஆர் (மெய்நிகர் உண்மை) ஹெட்செட்டுக்குள் வைத்தால் சுற்றிவந்து பார்க்கலாம், குனிந்து பள்ளத்தாக்குக்குள் எட்டிப்பார்க்கலாம். தரவு இலவசம், மென்பொருளும் இலவசம், நடுத்தரமான ஒரு மடிக்கணினி இருந்தால் போதும். ஆனால் இடையில் என்ன நடக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். புரியாமல் பொத்தான்களை அழுத்திக்கொண்டே போனாலும் ஏதோ ஒரு மலை வரத்தான் செய்யும், அது நம்முடைய மலையாக இருக்காது.

சரி, உயரத் தரவு என்றால் என்ன? திறந்து பார்த்தால் கறுப்பு வெள்ளைப் படம் மாதிரித் தெரியும், உயரமான இடம் வெளுத்தும் பள்ளம் கறுத்தும் இருக்கும். உண்மையில் உள்ளே இருப்பது வெறும் எண்கள். நிலத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீற்றர் என்று ஒரே ஒரு எண்ணை எழுதிவைத்திருக்கிறார்கள். கணினி அந்த எண்களை எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் அந்த உயரத்துக்கு ஒரு கம்பு நட்டு, எல்லாக் கம்புகளின் மேலும் ஒரு தறப்பாளை இழுத்துப் போர்த்துகிற மாதிரி ஒரு மேற்பரப்பைச் செய்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நான்கு புள்ளிகளுக்கு இரண்டு முக்கோணங்கள் என்ற கணக்கில் நிலம் முழுவதும் முக்கோணங்களால் மூடப்படும், இந்த முக்கோண வலையைத்தான் மெஷ் என்கிறார்கள். கம்புக்கும் கம்புக்கும் நடுவில் என்ன இருக்கிறதென்று கணினிக்குத் தெரியாது, நேராக இழுத்துவிடும். முழுக்கட்டுரையிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இதை வையுங்கள்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? எல்லோரும் முதலில் கேள்விப்படுவது எஸ்ஆர்டிஎம் தரவை. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் நாசாவின் எண்டெவர் விண்ணோடம் 60 மீற்றர் நீளமான கம்பம் ஒன்றை வெளியே நீட்டிக்கொண்டு, கம்பத்தின் நுனியில் ஒரு ராடார் அன்டெனாவும் விண்ணோடத்தில் இன்னொன்றுமாகப் பதினொரு நாள் பூமியைச் சுற்றியது. ஒரே இடத்திலிருந்து திரும்பும் அலை இரண்டு அன்டெனாக்களுக்கும் எப்படி வித்தியாசமாக வந்து சேர்கிறது என்பதிலிருந்து அந்த இடத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். ராடார் என்பதால் நம் ஊர் மேகமும் பனிமூட்டமும் தடையாக இருக்கவில்லை. ஒரு பாகைச் செக்கனுக்கு (பாகையில் 3,600இல் ஒரு பங்கு) ஒரு புள்ளி, அதாவது இலங்கை இருக்கும் இடத்தில் கிட்டத்தட்ட 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. இதற்குப் பிறகு வந்தது கோப்பர்னிக்கஸ் 30 மீற்றர் தரவு. சேர்ந்தே பறந்த இரண்டு ஜெர்மன் ராடார் செய்மதிகள் ஏறக்குறைய 2011 முதல் 2015 வரை எடுத்த அளவீடுகளிலிருந்து அதைச் செய்தார்கள். இரண்டையும் ஓபன்டோபோகிராஃபி தளத்தில் இலவசமாக எடுக்கலாம். மலையகத்துக்கு நான் கோப்பர்னிக்கஸைத்தான் சொல்வேன், அதற்குத் தலவாக்கலையே காரணம். அங்கேயுள்ள மேல் கொத்மலை அணை இயங்கத் தொடங்கியது 2012இல், ஆகவே 2000ஆம் ஆண்டுத் தரவில் அந்த நீர்த்தேக்கம் இருக்க வழியே இல்லை, பழைய பள்ளத்தாக்குத்தான் இருக்கும். அணைக்கு முந்திய தலவாக்கலையைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அதே பழைய தரவு பொக்கிஷம், எதற்காகச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆனால் மஸ்கெலியாவின் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் அந்த வாய்ப்பும் இல்லை. பழைய மஸ்கெலியா நகரம் 1960களின் கடைசியில் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது, வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயில்களின் சுவர்கள் தலைகாட்டுவதை நம்மவர்கள் போய்ப் பார்ப்பார்கள். ராடார் அலை தண்ணீருக்குள் போகாது. அதனால் எந்தச் செய்மதித் தரவை எடுத்தாலும் அந்த இடம் தட்டையான ஒரு பரப்பாகவே வரும். உங்கள் மாதிரியில் அந்தத் தட்டைக்கு மேல் ‘பழைய மஸ்கெலியா’ என்று ஒரு பெயரையாவது போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், எண்களில் இல்லாததை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

இதே மாதிரி இன்னும் சில விஷயங்கள் தரவில் ஒளிந்திருக்கும். இந்த இரண்டு தரவுகளுமே ராடார் முதலில் தொட்ட மேற்பரப்பின் உயரம், வெறும் மண்ணின் உயரம் கிடையாது. யூக்கலிப்டஸ் தோப்பு இருந்தால் மரத்தின் உயரமும் ஓரளவுக்குச் சேர்ந்திருக்கும், பக்கத்தில் இடுப்பளவு தேயிலை மட்டும் இருக்கிற இடத்தில் அது சேராது, ஆகவே இல்லாத ஒரு மேடு அங்கே தெரியும். ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவில் 800 மீற்றருக்கும் மேல் இறங்கும் பாறை முகம் 30 மீற்றர் கட்டங்களில் விழும்போது விளிம்பு மழுங்கிப்போகும். அப்புறம் தெமோதரை. ரயில் பாதை வளைந்து சுற்றி, ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்துக்குள் போகிறதே, அந்த இடத்தில் தண்டவாளத்துக்கு இரண்டு உயரங்கள் இருக்கின்றன. நம் அட்டவணையில் ஒரு புள்ளிக்கு ஒரு எண்ணுக்குத்தான் இடம். எனவே சுரங்கம், குகை, பாலத்தின் அடிப்பக்கம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் கீழ்ப்புறம், எதுவும் வராது. பக்கத்திலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை யாராவது வேறு தனி மாதிரியாகச் செய்து மேலே வைத்தால்தான் உண்டு.

இனிச் செய்முறை. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். உயரத் தரவை ஒரு பாகைக்கு ஒரு பாகை என்று சதுர ஓடுகளாக வெட்டிக் கொடுப்பார்கள், ஓட்டின் பெயர் அதன் தென்மேற்கு மூலையைச் சொல்லும். 6 பாகை வடக்கு, 80 பாகை கிழக்கு என்ற ஓட்டில் ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா, அப்புத்தளை எல்லாம் வந்துவிடும், பதுளையும் எல்லவும் கிழக்கே அடுத்த ஓட்டில். நுவரெலியாவைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டும்: இலங்கையின் மிக உயர்ந்த பேதுருதாலகால, 2,524 மீற்றர், சரியாக 7 பாகைக் கோட்டை ஒட்டித்தான் நிற்கிறது. ஒரே ஓட்டினை மட்டும் வைத்துச் செய்தால் மலையின் வடக்குப் பாதி வெட்டுப்பட்டு, உச்சியில் ஒரு சுவர் மாதிரி நிற்கும். வடக்கே உள்ள ஓட்டினையும் எடுத்து ‘மெர்ஜ்’ கொடுத்துச் சேர்த்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். முதல் முயற்சிக்கு நான் சொல்வது மஸ்கெலியாப் பக்கம்தான், சிவனொளிபாதமலை, மவுசாக்கலை, காசல்ரீ, நோர்வூட், ஹட்டன் எல்லாம் 20 கிலோமீற்றர் சதுரத்துக்குள் அடங்கிவிடும், ஒரே ஓடு போதும்.

அந்தச் சதுரத்தை வெட்டி எடுத்ததும் பெரும்பாலானவர்கள் நேராக முப்பரிமாணத்துக்குப் போய்விடுகிறார்கள், அங்கேதான் முதல் சிக்கல். டவுன்லோட் செய்த தரவில் கிழக்கு மேற்கும் வடக்கு தெற்கும் பாகையில் இருக்கும், உயரம் மீற்றரில் இருக்கும். சிவனொளிபாதமலையின் உயரம் 2,243. நீங்கள் வெட்டிய சதுரத்தின் அகலமோ 0.18 பாகைதான். இரண்டையும் ஒரே அலகென்று நினைக்கும் மென்பொருள், ஊசியை நட்டுவைத்த மாதிரி ஒன்றைக் காட்டும். அதனால் முதலில் ‘வார்ப்’ கருவியால் தரவை மீற்றருக்கு மாற்றுங்கள். பூமியை வலயங்களாகப் பிரித்து மீற்றரில் அளக்கும் யூடிஎம் முறையில் இலங்கை முழுவதும் 44 வடக்கு வலயத்துக்குள் அடங்கும், மென்பொருளில் அதைத் தெரிவுசெய்வதற்கான ஈபிஎஸ்ஜி எண் 32644. மாற்றும்போது மறுமாதிரி முறை (புதிய கட்டங்களுக்கான எண்ணைக் கணக்கிடும் முறை) என்ற இடத்தில் ‘நியரஸ்ட் நெய்பர்’ என்று இருக்கும், அதை ‘பைலீனியர்’ அல்லது ‘கியூபிக்’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் மலைச் சரிவெங்கும் கோடுகோடாகத் தழும்பு விழும், விஆரில் கிட்டப்போய்ப் பார்க்கும்போது அது கண்ணை உறுத்தும்.

அளவீடு கிடைக்காத கட்டங்களும் இருக்கலாம், ராடார் எட்டாத செங்குத்துச் சரிவுகளில் முக்கியமாக. எஸ்ஆர்டிஎம் அப்படிப்பட்ட இடத்தில் -32768 என்று எழுதிவைக்கும். ‘இங்கே தரவு இல்லை’ என்பதற்கான குறி அது, ஆனால் மென்பொருள் அதை உண்மையான உயரமாக எடுத்துக்கொண்டால் மலையின் நடுவில் 32 கிலோமீற்றர் ஆழத்துக்கு ஒரு கிணறு இறங்கும். இப்போது கிடைப்பவை அநேகமாக நிரப்பப்பட்டவை, ஆனாலும் லேயரின் மிகக்குறைந்த எண் என்ன என்று ஒருதடவை பார்த்துவிடுங்கள்.

படமாகச் சேமித்து வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகிறவர்கள் 8 பிட் படத்தைத் தொடவே வேண்டாம். 8 பிட்டில் 256 அளவுகள்தான் உண்டு. பேதுருதாலகாலவின் 2,524 மீற்றரை அதற்குள் அடைத்தால் ஒரு படி கிட்டத்தட்ட 10 மீற்றர், மெல்லிய சரிவுகளெல்லாம் படிக்கட்டாகிவிடும். 16 பிட்டில் 65,536 அளவுகள் இருக்கின்றன, அதில் இந்தப் பேச்சே எழாது. யூனிட்டி என்ற கேம் மென்பொருளில் செய்பவர்களுக்கும் 16 பிட் ‘ரா’ ஃபைல்தான், பக்கத்துக்கு 513 அல்லது 1,025 புள்ளி என்ற மாதிரி அளவில்.

அடுத்து எத்தனை முக்கோணம் என்ற கேள்வி. ஒரு முழு ஓட்டில் பக்கத்துக்கு 3,601 புள்ளிகள், முக்கோணமாக்கினால் இரண்டரைக் கோடிக்கும் மேல். ஹெட்செட் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக வினாடிக்கு 72 அல்லது 90 தடவை படம் வரைய வேண்டும், அதில் தடுமாறினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும், குமட்டும். நம் 20 கிலோமீற்றர் சதுரத்தைப் பக்கத்துக்கு 257 புள்ளியாகக் குறைத்தால் 1,31,072 முக்கோணங்கள்தான் வரும், ஃபைலும் 4 எம்பிக்குள் அடங்கும், சாதாரண போனில்கூட ஓடும். புள்ளிக்குப் புள்ளி 78 மீற்றர் ஆகிவிடுகிறதே என்று கவலைப்படலாம், முதல் மாதிரிக்கு அது போதும். அதற்கு மேல் விவரம் வேண்டுமானால் புள்ளிகளைக் கூட்டுவதற்கு முன்னால் சதுரத்தைச் சின்னதாக்கிப் பாருங்கள்.

எக்ஸ்போர்ட் செய்வதற்குக் கியூஜிஐஎஸ்ஸில் ‘கியூஜிஐஎஸ் டூ திரீஜேஎஸ்’ என்ற இலவசச் செருகி இருக்கிறது. அதைத் திறந்து உயரத் தரவு லேயரைத் தெரிவுசெய்தால் மலை எழும்பிவிடும், காட்சியை ஜிஎல்டிஎஃப் என்ற முப்பரிமாண ஃபைல் வடிவில் சேமிக்கலாம். எத்தனையோ வடிவங்கள் உண்டு, எஸ்டிஎல்லில் நிறம் வராது, அது முப்பரிமாண அச்சுக்கு நல்லது. விஆருக்கு ஜிஎல்டிஎஃப், அதிலும் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கட்டிவைக்கும் ஜிஎல்பிதான் வசதி. ஜிஎல்டிஎஃப்பில் நீள அலகு மீற்றர் என்றே வரையறுத்திருக்கிறார்கள், மேல்நோக்கிய அச்சு ஒய். வரைபட உலகில் மேல்நோக்கியது இசட். மலை பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருந்தால் காரணம் இதுதான், பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் திறந்து 90 பாகை திருப்பினால் சரியாகிவிடும்.

பிளெண்டருக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யூடிஎம் கணக்கில் மஸ்கெலியாவின் இடம் கிழக்கே 4,50,000 மீற்றர், வடக்கே 7,55,000 மீற்றர் என்ற அளவில் வரும். விஆரில் வரைகலை அட்டை பயன்படுத்தும் 32 பிட் தசம எண்ணுக்கு ஏழு இலக்கம் வரைதான் நம்பிக்கை, அவ்வளவு பெரிய எண்ணில் அதன் நுணுக்கம் 6 சென்ரிமீற்றராகத் தேய்ந்துவிடும். திரையில் அது தெரியாமலே போகலாம், ஹெட்செட்டில் தலையை அசைக்கும்போது நிலம் நடுங்கும். சதுரத்தின் நடுப்புள்ளியைப் பூச்சியத்துக்கு நகர்த்திவிட்டால் தீர்ந்தது.

நிறத்துக்குச் செய்மதிப் படத்தை மேலே போர்த்தலாம். சென்டினல்-2 படங்கள் 10 மீற்றர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேற்குச் சரிவுகளுக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலத்துப் படத்தை எடுத்தால் வெறும் மேகம்தான் வரும், சிவனொளிபாதமலைக்குச் சனம் ஏறும் பருவத்தில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை தேடுங்கள். அதிலும் தோட்டத்து லயன் வீடுகள் தனித்தனியாகத் தெரியாது, தேயிலையும் காடும் தண்ணீரும் பிரிந்து தெரியும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப்படும் விஷயத்துக்கு வருகிறேன், அளவும் உயரப் பெருக்கமும். 20 கிலோமீற்றர் நிலத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 2 மீற்றர் மேசையாக முன்னால் நிற்கும், சுற்றி நடக்கத் தோதான அளவு. அதில் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டாலும் சிவனொளிபாதமலை 22 சென்ரிமீற்றர்தான். பார்த்தவுடன் இவ்வளவுதானா என்று தோன்றும். உடனே கை ‘உயரப் பெருக்கம்’ என்ற கட்டத்துக்குப் போய் 2 என்றோ 3 என்றோ போட்டுவிடும், மலை எடுப்பாக எழும்பும், பார்க்கிறவர்களும் அசந்துபோவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 30 பாகைச் சரிவு இரண்டு மடங்கில் 49 பாகையாகும், மூன்று மடங்கில் 60 பாகை. கூடையோடு ஏறி நிற்கக்கூடிய தேயிலைச் சரிவு, கயிறு கட்டித்தான் இறங்க வேண்டிய பாறை முகமாக மாறிவிடுகிறது. காகிதப் படத்தில் உயரத்தைக் கூட்டிக் காட்டுவதற்குக் காரணம் உண்டு, தட்டையான தாளில் ஆழம் தெரியாது. விஆரில் இரண்டு கண்ணும் வேலை செய்கின்றன, குனிந்து மலையின் பக்கவாட்டில் கண்ணை வைத்தால் 1 மடங்கிலேயே சரிவு அப்படியே தெரியும். பெருக்கம் 1 ஆகவே இருக்கட்டும், பெரிதாக வேண்டுமானால் முழு மாதிரியையும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெரிதாக்குங்கள், அப்போது சரிவின் கோணம் மாறாது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், நம் ஊர்களில் சரிவு என்பது உயிர் சம்பந்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் இறங்கி லயன்களை மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. இந்த மாதிரிகளை ஒரு தோட்டத்துக் கூட்டத்தில் வைத்தால், வரைபடம் வாசிக்கத் தெரியாத பெரியவர்களும் ‘நம்ம லயத்துக்கு மேல இவ்வளவு மலை நிக்குதா’ என்று முதல்தடவையாக மேலிருந்து பார்ப்பார்கள், எந்தப் பள்ளம் வழியாக மழைத்தண்ணீர் வந்து சேர்கிறது என்று அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள். அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்க இது அருமையான கருவி. ஆனால் இந்த லயன் பாதுகாப்பா, அந்த லயன் பாதுகாப்பா என்று 30 மீற்றர் தரவை வைத்துச் சொல்லவே கூடாது. ஒரு லயன் வரிசையே ஓரிரண்டு கட்டங்களுக்குள் மறைந்துவிடும், வெட்டிய மண் சுவர், வடிகால், வெடிப்பு எதுவும் அதில் இல்லை. அந்த முடிவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களையும் நேரில் வந்து பார்க்கும் அவர்களுடைய உத்தியோகத்தர்களையும் சேர்ந்தது. உயரத்தைப் பெருக்கிய மாதிரியைக் கூட்டத்தில் காட்டினால் பாதிச் சனம் தேவையில்லாமல் பயப்படும், இன்னொரு பாதி இது வெறும் படம் என்று ஒதுக்கிவிடும், இரண்டுமே கெடுதல்.

கடைசியாக, ஹெட்செட்டில் திறப்பது. எளிய வழி ஏ-ஃபிரேம் என்ற இணைய நூலகம், சில வரி எச்டிஎம்எல்லில் ஜிஎல்பி ஃபைலின் பெயரைக் கொடுத்தால் பிரவுசரிலேயே மலை வந்துவிடும். பக்கத்தை இரட்டைக் கிளிக்கில் நேராகத் திறந்தால் பிரவுசர் ஃபைலை ஏற்ற மறுக்கும், மடிக்கணினியில் சின்ன லோக்கல் சேர்வர் ஒன்றை ஓடவிட வேண்டும். ஹெட்செட்டிலும் போனிலும் விஆர் முறைக்குப் போக வேண்டுமென்றால் எச்டிடிபிஎஸ் முகவரியில் ஏற்றியிருக்க வேண்டும். ஹெட்செட் இல்லாத பள்ளிக்கூடத்துக்குப் போனைச் செருகும் அட்டைப்பெட்டிக் கண்ணாடி போதும். பார்ப்பவரை மலைக்கு மேல் வேகமாகப் பறக்கவைக்காதீர்கள், நிற்கிற இடத்தில் நிறுத்தி மாதிரியைத் திருப்பிக்கொள்ள விடுங்கள், வயிறு புரட்டாது.

பெயர்களைச் சேர்க்கும்போது போனில் எடுத்த அகலாங்கு, நெட்டாங்கை அப்படியே போட்டால் ஊர்ப்பெயரெல்லாம் மாதிரியின் ஒரே மூலையில் குவியும். மலையை மீற்றருக்கு மாற்றிய அதே 32644க்கு அவற்றையும் மாற்றி, நடுப்புள்ளியை நகர்த்திய அதே அளவு நகர்த்துங்கள். முதலில் உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தை மட்டும் வையுங்கள். சிவனொளிபாதமலை உச்சியின் பெயர் உச்சியிலேயே வந்து நின்றால் மிச்சப் பெயர்களைத் தைரியமாகச் சேர்க்கலாம், டிவிஷன் பெயரும் கோயிலும் பீலியும் உட்பட.